நியூட்ரல் அண்ணனும் இறக்கமே இல்லாத கடற்கரையும்

என்னைக் கோபப்படுத்தியவர்களின் பட்டியல் நீளமானது. அமைச்சர்கள் இருக்கிறார்கள், தொலைபேசிக் கம்பனிகள் இருக்கின்றன, என் கட்டுரையின் கடைசிப் பந்தியை மட்டும் தேடிப்பிடித்து வெட்டுகிற உதவி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் நியூட்ரல் அண்ணனைத் தனியாக உட்கார வைத்தாலும், அவருடைய தட்டுதான் கீழே போய்த் தரையில் இடிக்கும். இறக்கம் என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம்.

அப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கமாகச் சரிகிற மலையில் எங்கள் தோட்டம். அங்கே முப்பது வருடம் லொறி ஓட்டியவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வாக்காளர் இடாப்பில் இருப்பதாகக் கேள்வி. தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. ஏற்றம் முடிந்து பாதை கீழ்நோக்கித் தலையைச் சாய்த்ததும், கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார், இன்ஜினை நிறுத்துவார், தேயிலை மூட்டைகளோடு சத்தமே இல்லாமல் உருண்டு போவார். டீசல் மிச்சம். அந்த லொறியில் பிரேக் என்று ஒன்று இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தீராத சந்தேகம். வளைவில் எதிரே வந்தவர்கள் அந்த லொறியைக் கண்டிருக்கிறார்கள், எவரும் கேட்டதில்லை.

காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில், தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை நாள் தவறாமல் கத்துவார்.

"இன்ஜின போட்டு ஓட்டு, கேட்டுச்சா?"

"சரிங்க தொரை" என்பார் அண்ணன், அரிச்சந்திரன் முகத்தோடு. கேட்டைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிடும்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கினார். விற்கவந்தவன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறான். புறப்படும்போது பெட்டரியில் நூற்றுக்கு எழுபத்தொரு வீதம். கீழே போய்ச் சேர்ந்தபோது எழுபத்துநாலு. அண்ணன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். அன்று மாலையே பதுளையில் இருந்த எனக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, ஓட்ட ஓட்ட கூடுதுங்க! முப்பது வருசமா நான் மிச்சம்தான் புடிச்சேன். இது சம்பாதிக்குது!"

அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டியிராது. அவருடைய மகள் மாலதிக்குத் தாதி நியமனம் வந்தது. மாத்தறைக்கு அப்பால், கடற்கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்று. குறித்த நாளில் பிற்பகல் நான்கு மணிக்குள் நேரில் வந்து கையொப்பமிடாவிட்டால் நியமனம் இரத்து என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக இல்லாமல் போகிற முதல் ஆள் மாலதி. பஸ்ஸில் முதல் நாளே போய்விடலாம் என்றேன்.

"எம் மக மொத நாளு பஸ்ஸுல நசுங்கி போவணுமா? நம்ம கார்லதான் போறோம். நீங்க பத்திரிகையில எழுதுறவரு, திட்டம் போட்டுக் குடுங்க."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குச் சகலமும் தெரியும் என்று நம்புகிற கடைசி மனிதர் அவர். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராமல், கையில் தொலைபேசியும் மடியில் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியுமாக உட்கார்ந்தேன். கரையோரத்தில் எங்கெங்கே சார்ஜ் போடலாம் என்று தொலைபேசி பச்சைப் பொட்டு வைத்துக் காட்டியது. அண்ணன் ஆரம்பித்தார்.

"அப்புத்தளைல நூறுன்னு போடுங்க. பெரகலைல நூத்தி மூணு. கொஸ்லந்தைல நூத்தி பத்து. வெல்லவாயல நூத்தி இருபது."

"அண்ணே, நூறுக்கு மேல ஏறாது."

"அப்ப மிச்சத்த எங்க வைக்கிறது?"

"வைக்க ஏலாது."

"ஒரு கேன்லயாவது?"

"ஏலாதுண்ணே!"

வீணாகப் போகிற அந்த இருபது அவரை வாட்டியது. "அப்ப எண்பதோட கெளம்புவோம் தம்பி. மிச்ச இருபத மல குடுக்கும்."

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று தடுத்தேன் என்று எழுத ஆசை. தடுக்கவில்லை. பெரகலை வரைக்கும் மூன்று என்றால் வெல்லவாய வரைக்கும் இருபது என்று பெருக்கிக் கொடுத்தவனே நான்தான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்குச் சாதாரண சித்தி பெற்றவன்; அது அதிகப்படி என்று அப்போதே ஆசிரியர் சொன்னார். வெல்லவாயவில் நூறு, ஆகவே முதல் சார்ஜ் தங்காலையில் என்று எழுதி, சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நான் முன்னால், கொப்பியோடு. மாலதி பின்னால், மடித்த வெள்ளைச் சீருடையை மடியில் வைத்துக்கொண்டு. பெரகலை, கொஸ்லந்தை, நீர்வீழ்ச்சி எல்லாம் கடந்தன. நான் தொலைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெல்லவாயவில் மீற்றரைப் பார்த்தேன். எழுபத்தேழு.

"அண்ணே, இங்க நூறு இருக்கணும்."

"ஒங்க கணக்கு பெழையா இருக்கும்."

"மல குடுக்கும்னு சொன்னது யாரு?"

"மல குடுத்துச்சு தம்பி. காருதான் வாங்கிக்கல."

அங்கிருந்து பாதை சப்பாத்திக் கட்டையால் உருட்டியதுபோலத் தட்டையாகிவிட்டது. குளிரூட்டியை நிறுத்தினோம். காற்று இழுக்குமாம், ஆகவே கண்ணாடிகளையும் ஏற்றினோம். அவித்த மரவள்ளிக்கிழங்கு மூன்றும் தெற்கு நோக்கிப் பயணம் செய்தன. தணமல்வில தாண்டி, வீதியோரத்தில் எருமைத் தயிர் விற்கிற ஒருவரிடம் காரை நிறுத்தி, அண்ணன் சிங்களத்தில் கேட்டார்: "அண்ணே, இந்தப் பக்கம் இறக்கம் எங்கே வரும்?"

தயிர்க்காரர் நாங்கள் போகிற திசையைப் பார்த்தார், வந்த திசையைப் பார்த்தார். பிறகு பரிதாபத்தோடு, நாங்கள் வந்த பக்கமாகக் கையைக் காட்டினார்.

அம்பாந்தோட்டையைத் தொட்டபோது ஆறு வீதம். தங்காலை என்பது வேறொரு கண்டத்தில் இருந்தது. அருகிலிருந்த பச்சைப் பொட்டுக்குப் போனோம். சார்ஜ் இயந்திரத்தின் திரை செத்துக் கிடந்தது. அதன் கைப்பிடியில் காவலாளி தன் ஈரச் சட்டையைக் காயப்போட்டிருந்தார்.

"இது வேலை செய்யுமா?" என்றேன்.

"நல்லா வேலை செய்யும் ஐயா. திறப்பு விழா அன்றைக்கு நானே பார்த்தேன்."

நாடாவை வெட்டுவதற்கு ஆள் அனுப்புகிற இந்த நாடு, ஒரு ஃபியூஸ் மாற்றுவதற்கு ஆள் அனுப்பாது. இதை நான் அந்தக் காவலாளியிடம் உரக்கச் சொன்னேன். அவர் ஆமோதித்து, சட்டையைத் திருப்பிப் போட்டார்.

அடுத்த பொட்டு ஒரு கடற்கரை ஹோட்டல். இயந்திரம் உயிரோடு இருந்தது, ஆனால் மெனேஜர் குறுக்கே நின்றார். விருந்தாளிகளுக்கு மட்டுமாம். பத்திரிகைக்கு எழுதாத நேரத்தில் நான் பதுளையில் அலுவலக மொழிபெயர்ப்பாளன்; என்னிடமிருந்த மிக உயர்ந்த சிங்களத்தில் குடிமகன், கடமை, மனிதாபிமானம் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, விருந்தாளிகளுக்கு மட்டும் என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். மாலதி முன்னால் வந்து நியமனக் கடிதத்தைக் காட்டினாள். படித்துப் பார்த்த மனிதர், நீச்சல் குளத்துக்குப் பகல் சீட்டு வாங்கினால் நீங்களும் விருந்தாளிதான் என்று ஒரு வழியைக் காட்டினார்.

ஆகவே விருந்தாளியானோம். நீந்தவேண்டும் என்று விதி இல்லை, ஆனால் குளத்தடியில் இருக்கவேண்டும். முழுக்கைச் சட்டையும் திருநீறுமாக நியூட்ரல் அண்ணன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, வெள்ளைக்காரர்கள் மத்தியில் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கார் சொட்டுச் சொட்டாகக் குடித்தது. பன்னிரண்டு மணி ஒன்றாகி, ஒன்று இரண்டை நெருங்கியது. மாலதி கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். நான் சாப்பிட மறுத்தேன். கோபம் வந்தால் சாப்பிடாமலிருந்து எதிரியைத் தண்டிப்பது என் வழக்கம். இதுவரை எந்த எதிரியும் மெலியவில்லை.

"பாருங்க தம்பி" என்றார் அண்ணன், குளத்தைக் காட்டி. "தண்ணியக்கூட சமமா கட்டி வச்சிருக்கானுங்க."

நான் வெடித்தேன். காரை, அதை விற்றவனை, வாங்கியவரை, சமதரையைப் படைத்தவனை, ஒருவரையும் விடவில்லை. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை அழத் தொடங்கியது.

"நீங்க பின் சீட்டுக்குப் போங்க" என்றார் அண்ணன், புறப்படக் காரில் ஏறும்போது, அமைதியாக. "ஒங்க மூச்சுக்காத்து சுடுது. மாலதி முன்னுக்கு வரட்டும்."

அந்த இட மாற்றம்தான் மர்மத்தைத் துலக்கியது. தங்காலை தாண்டி ஒரு பாலம். ஏறி இறங்கவேண்டும். இறங்குகிற இடத்தில் அண்ணனின் இடது கை, யாரையும் கேட்காமல், கியர்க் குமிழை ஒரு தட்டுத் தட்டியது.

"அப்பா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"எறக்கம்மா."

"நியூட்ரல்ல போட்டீங்களா?"

"எறக்கத்துல பொறகு வேற எதுல போடுவாங்க?"

"காலையில மலையெல்லாம் எறங்குனோமே, அப்பவும் இதேவா?"

"முழுக்க" என்றார் பெருமையோடு.

மாலதி ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்பா, கியர்ல எறங்குனாத்தான் வீலு மோட்டர சுத்தும். மோட்டரு சுத்துனாத்தான் கரண்டு வரும். நியூட்ரல்ல போட்டா ரெண்டுக்கும் தொடர்பே இல்ல. அந்த மலை குடுத்தது பூராவும் ரோட்டோட போச்சு."

பின் சீட்டிலிருந்து நான் பேசியவற்றில் ஒரு வாரப் பத்திரிகையில் அச்சிடக்கூடியது 'அண்ணே' என்ற சொல் மட்டும்தான்.

அவர் ஒரு தடவைதான் பதில் சொன்னார். "எறக்கத்துல கியர்ல போறது டிரைவருக்கு அழகில்ல தம்பி."

மாலதி தன் உள்ளங்கையைக் குமிழின்மேல் பொத்தி வைத்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. மூன்று வீதம் மிச்சமிருக்க, நான்கு மணிக்கு ஒன்பது நிமிடம் மிச்சமிருக்க, கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

நாங்கள் வெளியே நின்றோம். அண்ணன் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மூன்று அம்புலன்ஸ்கள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. நாள் முழுவதும் நான் போட்ட கூச்சலுக்கு ஒரு தரமும் கோபப்படாத மனிதருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"மூணு நிக்குது, தம்பி. மூணு! நமக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தானுங்களா?"

முப்பது வருடத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஓர் அம்புலன்ஸ்கூட வந்ததில்லை. மிச்சம் பிடித்த டீசல் எங்கே போனது என்று தொரையைத் தவிர தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். லொறிக் கொட்டகைக்குப் பின்னால், சாக்குக்கு அடியில் ஒரு பீப்பாய் இருந்தது. தோட்டத்து லொறி தேயிலைக்கு, நோயாளிக்கு டீசல் கிடையாது என்பது தொரையின் சட்டம். பிரசவ வலி, பாம்புக்கடி, கொழுந்து மலையில் வழுக்கி விழுந்த கால் எல்லாம் அந்தப் பீப்பாயை நம்பித்தான் இருந்தன.

மாலதி வெளியே வந்தாள். சிரிக்கவில்லை. பேனை மை ஒட்டிய விரலை மட்டும் அப்பாவிடம் காட்டினாள். அவர் அந்த விரலைத் தன் சட்டையில் துடைத்துவிட்டார்.

மறுநாள் அவளை விடுதியில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் திரும்பினோம். மூன்று இடத்தில் சார்ஜ் போட்டு, மலை ஏறும்போது மீற்றர் சரிவதைப் பார்த்து மூன்று இடத்திலும் நான் சண்டை போட்டு, பிற்பகலில் பண்டாரவளையைக் கடந்தோம். என்னைப் பதுளையில் இறக்கவேண்டும். பதினொரு வீதம் இருந்தது. இங்கிருந்து இறக்கம்தான், கியரிலேயே போங்கள், கூடும் என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தேன்.

இதே பாதையில்தான் என்னுடைய பத்தொன்பதாவது வயதில், குடல்வால் வெடிக்கப் பார்த்தபோது, பீப்பாய் டீசலை ஊற்றி என்னைத் தேயிலை மூட்டைமேல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்ஜினின் ஒவ்வொரு உதறலும் வயிற்றில் கத்தியாக இறங்கியது. பண்டாரவளை தாண்டியதும் அந்த உதறல் திடீரென்று நின்றது. சத்தமும் நின்றது. லொறி, தொட்டில்போல, மெத்தென்று கீழே போனது. முன்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

இப்போதும் பாதை சாய்ந்தது. அண்ணனின் கை மெல்லக் குமிழை நோக்கி நகர்ந்தது. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"வயிறு எப்புடி இருக்கு தம்பி? நேத்தெல்லாம் ஒண்ணும் சாப்பிடலியே."

அன்றைக்கும் இதே கேள்விதான். கையையும் பார்த்தேன், குமிழையும் பார்த்தேன், பதினொரு வீதத்தையும் பார்த்தேன்.

"பரவாயில்லண்ணே" என்றேன், ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எறக்கம் முடியிற வரைக்கும் அப்படியே விடுங்க."