பொறுப்புப் பேராசிரியை

அதிராம்பட்டினத்து பஸ் வரவில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் அறுப்புக் கூலித் தகராறு, சாலை மறியல். திருக்காட்டுப்பள்ளிக் கல்லூரியின் ஒரே பேராசிரியை மெஹராஜ் பேகம் லீவு முடிந்து அந்த பஸ்ஸில்தான் திரும்பிக்கொண்டிருந்தார்.

"இருக்கிறதே ஒருத்தர். அவரையும் மறிச்சுட்டாங்களா?" என்றார் பிரின்சிபால் காயாரோகணம்.

"அவங்களை மட்டும் இல்லீங்க, எல்லாரையும்தான்" என்று ஆறுதல் சொன்னான் பியூன் வீரையன்.

கல்லூரியில் பெண்களுக்கு உரிய இடம் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் சற்று நேரத்தில் கமிட்டி வந்துவிடும். இல்லையென்று எழுதிவிட்டால் மாணவிகளைச் சேர்க்கும் அனுமதி போய்விடும். இருக்கிற நான்கு பெண்களும் படிப்பை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நால்வரையும் காயாரோகணம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சேர்த்திருந்தார், பாவம்.

கமிட்டி என்பது இரண்டே பேர். தோளில் துண்டு போட்ட தலைவர் ஒருவர். பெண் உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், மூக்குக்கண்ணாடி போட்ட பிரகதாம்பாள் அம்மையார். தலைவர் பேசினார், அம்மையார் தலையாட்டினார்.

காயாரோகணம் நான்கு மாணவிகளையும் முதல் வகுப்பின் முன்வரிசையில் உட்காரவைத்தார். கமிட்டி அடுத்த வகுப்புக்கு நடப்பதற்குள் அவர்கள் பின்பக்கமாக ஓடி அங்கேயும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வகுப்பில் நால்வருக்கும் மூச்சு வாங்கியது. நல்லவேளை, தலைவர் முகங்களைப் பார்க்கவில்லை, தலைகளை எண்ணினார்.

"எல்லா வகுப்பிலும் மகளிர். மகிழ்ச்சி. அப்படியானால் பேராசிரியைகளும் நிறைய இருப்பார்களே, சந்திக்கலாமா, முதல்வர் அவர்களே?"

காயாரோகணம் கல்லூரிக்குப் பின்னாலிருந்த தன் குவார்ட்டர்ஸுக்கு ஓடினார். மனைவி ராஜம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நல்ல புடவையாக் கட்டிக்க. நீ இப்ப பொருளாதாரப் பேராசிரியை."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். எது கேட்டாலும் பொருளாதாரம்னு சொல்லு."

ஆசிரியர் அறையில் ராஜம்மாள் அழகாகவே பொருளாதாரம் என்று சொன்னாள். தலைவர் மகிழ்ந்துபோய்க் காபி கேட்டார். அதுதான் வினையாயிற்று. காயாரோகணம் காபிக்குப் போன நேரத்தில் தலைவர் பேனாவைத் திறந்தார்.

"அறிக்கையில் குறிக்க வேண்டும். உங்கள் முதல்வரின் பெயர் என்ன அம்மா?"

தாலி கட்டிய நாள் முதலாக அந்தப் பேரை ராஜம்மாள் வாயால் சொன்னதில்லை. பொருளாதாரமும் இங்கே உதவாது.

"நாகப்பட்டினத்துச் சாமி பேருங்க."

"அங்கே எத்தனையோ சாமி."

"நீலாயதாட்சி அம்மனுக்கு வீட்டுக்காரருங்க."

தலைவர் பேனாவை மூடினார். "பேராசிரியைக்கு முதல்வர் பெயர் சொல்லத் தெரியவில்லையா? இங்கே ஏதோ சரியில்லையே."

காபி டம்ளர்களோடு வந்த காயாரோகணம் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்கு பெண்களும் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

காலையிலிருந்து வாயே திறக்காத பிரகதாம்பாள் அப்போதுதான் தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, அவங்களை விடுங்க. உங்க பேரை என்கிட்ட யாராச்சும் கேட்டா, நானும் இப்படித்தானே கோயில் கோயிலாச் சொல்லிக்கிட்டு நிக்கணும்?"