பதினாறரை அங்குலம்

"இந்த வண்டியில ஏறி நான் ஓரிகன் வரைக்கும் வரமாட்டேன், வெர்லின்."

மனைவி ஓபல் இதைச் சொன்னபோது வெர்லின் ஸ்ட்ரவுட் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தது பூட்ஸ் மட்டும்தான்.

"வண்டிக்கு என்ன கேடு?"

"டயரைப் பாரு. நம்ம ரெண்டு பேர் முகத்துச் சுருக்கத்தையும் சேர்த்தாலும் இதுக்கு ஈடாகாது."

வெர்லின் ஊர்ந்து வெளியே வந்தார். வெடிப்பு உண்மைதான். விரல் நகம் உள்ளே போனது.

வண்டி 1974-இல் செய்த சில்வர் மெசா. உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் கொண்ட வீட்டு வண்டி. அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வரும் வண்டிகளின் கூட்டத்தில், அதைப் பார்ப்பதற்கென்றே மாலையில் ஆட்கள் வருவார்கள். அதன் அலுமினிய வளைவில் சூரியன் இறங்கும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. சிலர் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

சில்வர் மெசாக்காரர்கள் மார்ச் மாதம் ஓரிகனில் கூடுவார்கள். வெர்லின் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. நல்ல இடம் பிடிக்க வேண்டுமென்று பிப்ரவரி பாதியிலேயே கிளம்பிவிடுவார். இந்த முறை ஊர்வலத்தில் முதல் வண்டி அவருடையது. அதற்காகப் புதுச் சட்டைகூட வாங்கியிருந்தார். தவிர, இது அரசு நிலம். காசு கிடையாது, ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க முடியாது. கெடு முடியும் அன்றே ஓரிகன் பயணம் என்பது அவர் போட்ட திட்டம்.

டயர்க் கடைக்காரர் அளவைக் கேட்டுச் சிரித்தார்.

"பதினாறரையா? பதினாறு இருக்கு, பதினேழு இருக்கு. அரையை விட்டு ரொம்ப காலமாச்சு."

"அரை அங்குலம்தானேப்பா. பதினாறையே இழுத்துப் போடேன்."

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. "போடலாம், பெரியவரே. காத்தடிக்கும்போது வெடிச்சா என் தலையை யாரு தேடிக் கொண்டு வர்றது?"

வெர்லின் தொங்கிய முகத்தோடு திரும்பினார். "சந்தையில கேட்டுப் பாரேன்" என்றார் ஓபல்.

குளிர்காலச் சந்தையில் கிடைக்காதது இல்லை. பளிங்குக் கல், துருப்பிடித்த ரம்பம், யாரோ கழற்றி வைத்த பல்செட். அங்கே ஒரு தார்ப்பாயின் கீழ் ஆறு டயர்கள் இருந்தன. பதினாறரை. தரையே படாதவை. வெர்லின் கோயிலுக்குள் நுழைந்தவர் போல் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

பக்கத்து வண்டிக்காரர் ஹாலிஸ், லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். டயரின் ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தரை படலதான். ஆனா இது பொறந்த தேதியைப் பாருங்க. இந்த டயருக்கு ஓட்டுரிமை வந்து எவ்வளவோ வருஷமாச்சு. கல்யாணம் ஆகி விவாகரத்தும் ஆகியிருக்கும்."

"நிழல்லயே இருந்திருக்குப்பா."

"என் மாமியார்கூடத்தான் நிழல்லயே இருக்காங்க. ஓடச் சொல்லுங்க பார்ப்போம்."

வெர்லின் கேட்கவில்லை. முதல் டயரை மாட்டி, எட்டத்தில் நின்றபடி நீளக் குழாயில் காற்றடித்தார்கள். பாதி ஏறியதும் கள்ளிகளில் இருந்த புறாக்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. புழுதி அடங்கியபோது டயர் பாம்புச் சட்டையாகக் கிடந்தது. வண்டியின் அலுமினியத்தில் தலையணை அளவுக்கு ஒரு பள்ளம்.

வெர்லின் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"அரை அங்குலத்துக்காக ஏன் அலையறே?" என்றார் ஓபல். "டயர் மாட்டற ரிம்மையே பதினாறுக்கு மாத்திடு. பதினாறு டயர் எங்கயும் கிடைக்குமே."

ஹாலிஸ் தொடையில் தட்டினார். "அட! அதுதான் சரி!"

வெர்லின் மனைவியைப் புதிதாய்ப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "உனக்கு டயருக்கும் டோனட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நீ கேட்டதில்லையே" என்ற ஓபல், ரிம்மும் டயரும் சேர்த்து அனுப்பச் சொல்லித் தானே கடைக்குப் போன் செய்தார். பிறகு இன்னொரு யோசனையும் சொன்னார். "ஹாலிஸ் சும்மாத்தானே இருக்காரு. பழசை எல்லாம் இப்பவே கழட்டிட்டா, புதுசு வந்ததும் மாட்டிட்டுக் கிளம்பிடலாம்."

வண்டியின் ஆறு சக்கரமும் கழன்றன. சில்வர் மெசா மரக்கட்டைகள் மேல் ஏறி நின்றது.

"அந்தக் கட்டையைக் கொஞ்சம் தள்ளி வை, வெர்லின். கீழே செடி இருக்கு."

"அது களை!"

"இருந்துட்டுப் போகட்டும். தள்ளி வை."

மறுநாள் மாலை வெர்லின் குளித்துவிட்டு வந்தபோது, ஓபலும் பக்கத்து வண்டிப் பெண்களும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நெருப்பு எரிந்தது அவருடைய ரிம்முக்குள். சற்றுத் தள்ளி மற்ற வண்டிகளின் முன்னாலும் ஐந்து நெருப்புகள் அழகாக எரிந்தன.

"ஓபல்! அது என் ரிம்!"

"பழசுதானே? இங்க எல்லாரும் ரிம்லதான் நெருப்பு போடறாங்க. கேட்டாங்க, கொடுத்தேன். சோளம் சாப்பிடறியா?"

புதுச் சக்கரங்கள் பெட்டியில் வந்து சேர்ந்தன. பாலிஷ் போட்ட ரிம்மில் மேகம் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் விசிலடித்தார்கள். வெர்லினும் ஹாலிஸும் முதல் சக்கரத்தைத் தூக்கி அச்சில் மாட்டினார்கள். ஏறவில்லை. நடுத்துளை சிறிது.

"எவ்வளவு குறையுது?" என்று கேட்டார் வெர்லின், பதில் தெரிந்தவர் குரலில்.

"அரை அங்குலம்" என்றார் ஹாலிஸ், தொப்பியைக் கழற்றியபடி.

"ஓபல், போன்ல என்ன அளவு சொன்னே?"

"நீ எழுதிக் கொடுத்ததைத்தான். கண்ணாடி போட்டிருந்தேனான்னுதான் ஞாபகமில்லை."

சக்கரங்கள் திரும்பிப் போயின. கெடு முடிந்த அன்று, அந்த அரசு நிலத்தைக் கண்காணிக்கும் ரேஞ்சர் இபார்ரா ஜீப்பில் வந்தார். சீருடையிலும் சிரித்த முகமாக இருக்கும் பெண். கட்டைமேல் நின்ற வண்டியைச் சுற்றி வந்து, 'நகர முடியாத வண்டி' என்று, கெடு தாண்டியும் அங்கேயே நிற்க அனுமதிச் சீட்டு எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். வெர்லினுக்கு அது மரணச் சான்றிதழ் போல இருந்தது. ஓரிகனுக்குப் போன் போட்டு, "முதல் வண்டிக்கு வேற ஆளைப் பார்த்துக்கங்க" என்றார். புதுச் சட்டையை ஓபல் மடித்து உள்ளே வைத்தார்.

மார்ச்சில் ஒரு காலை வெர்லின் காப்பியோடு வண்டிக் கதவைத் திறந்தார். படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

தரையைக் காணோம். அவர் வந்தபோது எலும்பு நிறத்தில் கிடந்து, களையென்று அவர் ஒதுக்கிய செடிகள் மெல்லப் பரவிய சரளை மண் எங்கும் மஞ்சள். கள்ளிகள் இடுப்பளவு பொன்னில் நின்றன. மஞ்சளுக்கு நடுவே ஊதா, ஆறு போல வளைந்து மலையடிவாரம் வரை ஓடியது. காற்று வந்தபோது அத்தனையும் ஒருமித்துத் தலைசாய்ந்து நிமிர்ந்தன. மரக்கட்டைகளை ஒட்டி, சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு கொத்து வெள்ளைப் பூ. எங்கோ ஒரு நாய் குரைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

எத்தனையோ குளிர்காலம் இங்கே வந்திருக்கிறார். ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. பிப்ரவரி தாண்டி இருந்ததில்லை.

காப்பி ஆறியது. வெர்லின் தொப்பியைக் கழற்றினார்.

பத்து மணிக்கு ரேஞ்சர் இபார்ரா வந்தார். "சரியான சக்கரம் முந்தாநாளே வந்துடுச்சாமே, ஐயா?"

"வந்துடுச்சு."

"பொருந்துதா?"

"பெட்டியைப் பிரிக்கல. பிரிக்கிற அவசரமும் இல்ல." வெர்லின் பூக்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதிர்ஷ்டத்தைப் பாத்தியாம்மா? அந்த டயர்ல வெடிப்பு மட்டும் இல்லேன்னா, இதைப் பார்க்காமலே செத்திருப்பேன்."

தூரத்தில் ஊதாவுக்குள் நடந்துகொண்டிருந்த ஓபலைப் பார்த்து ரேஞ்சர் கையசைத்தார்.

"அதிர்ஷ்டமா? நீங்க இங்க வந்து நின்ன அன்னைக்கே உங்க வீட்டம்மா என் ஆபீசுக்கு வந்து, எத்தனை சக்கரம் இல்லேன்னா 'நகர முடியாத வண்டி'ன்னு எழுதுவீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணு போதும்னுதான் சொன்னேன், ஐயா. ஆறையும் கழட்ட வெச்சிட்டாங்களே!"