பங்காளி அங்கிளும் புளிச்சகீரைக் கடைசலும்

ஃப்ரீமாண்ட் நகரத்திலேயே கஞ்சாச் செடிக்கு உறவுமுறை பார்த்த ஒரே ஆள் எங்கள் பக்கத்து வீட்டுப் பங்காளி அங்கிள்தான். ஒரே ரகமென்றால் பங்காளி, வேறு ரகமென்றால் மச்சான். சிப் டிசைனில் ரிட்டயர் ஆன ஈரோட்டுக்காரர். ஃப்ரீவேயில் நொந்து நூலாகி வந்து நான் காரை நிறுத்தினால், வேலிக்கு மேலே அவர் தலை எழும்பும்.

"தம்பி, மூணாவது தொட்டி பங்காளி இல்லீங்க, மச்சான். இலை ஒல்லியாப் போவுது பாருங்க."

பார்ப்பேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கொட்டாவியை மென்றபடி தலையாட்டிவிட்டு உள்ளே போவேன்.

கலிபோர்னியாவில் வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம். அவர் வளர்த்தது ஆன்ட்டிக்காக. முன்பு கேன்சருக்குக் கீமோ எடுத்தபோது, டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுத்த ஒரே ஒரு ரகம்தான் ஆன்ட்டியின் வயிற்றில் சோற்றைத் தங்கவிட்டது. விற்றவர் கடையை மூடிவிட்டார். நாலைந்து ரக விதைகளை அங்கிள் அஞ்சறைப்பெட்டியில் வைத்திருந்தார். லேபிள் ஒட்டவில்லை, எல்லாம் தலையில் இருக்கிறதாம். கராஜைச் சுத்தம் பண்ணும்போது பெட்டி கவிழ்ந்தது. விதையெல்லாம் ஒன்றாய்க் கலந்தது. அதே வருடம் ஆன்ட்டிக்கு நோயும் திரும்பியது. கலந்ததில் ஆறை எடுத்துத் தொட்டிகளில் முளைக்கப் போட்டு, எது அந்த ரகமென்று அங்கிள் தேட ஆரம்பித்தார்.

கிடைத்த ஒரே துப்பு, அந்தச் செடியில் மாங்காய் இஞ்சி வாசம் அடிக்கும் என்பது. ஆனால் கோவிட் வந்து போனதிலிருந்து அங்கிளுக்கு வாசமே தெரியாது. ஆன்ட்டிக்கு எதை மோந்தாலும் குமட்டும். கடைசியில் அங்கிள் என்னிடம் வந்தார். மகரந்த அலர்ஜியில் என் மூக்கு வருடம் பூராவும் அடைத்தே கிடக்கும். தேடிப் பிடித்தாரே ஒரு மூக்கை.

இந்த நிலைமையில்தான் ஈரோட்டுப் பக்கத்துக் கோபியிலிருந்து என் மாமியார் வந்து இறங்கினார். அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வேலி இடுக்கில் கையை விட்டு ஓரத்துத் தொட்டிச் செடியை ஒட்ட ஒடித்துவிட்டார். கொங்கு நாட்டுக் கண்ணுக்கு அந்த இலை அசல் புளிச்சகீரை. நான் வந்தபோது அடுப்பில் கடைசல் தயார்.

"மாப்ள, இந்த ஊர்ப் புளிச்சகீரை புளிக்கவே மாட்டேங்குதுங்க."

விளக்கத் தெம்பில்லாமல் அடுப்பை அணைத்தேன். அதற்குள் அங்கிளும் வந்துவிட்டார். மொட்டையாய் நின்ற செடியைப் பார்த்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமியார் சற்றும் அசரவில்லை.

"கீரையில மாங்கா இஞ்சி வாசம் அடிச்சா யாருங்க திம்பாங்க?"

அங்கிள் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"என்ன வாசம்னு சொன்னீங்க?"

மறுபடி சொன்னார். ரகம் தெரிந்துவிட்டது, செடிதான் போய்விட்டது. என்னால் அங்கிள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் மாமியார் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டினார். கொழுந்தை மட்டும் விட்டு இலையை உருவிய குச்சிகளைத் தூக்கிப் போட மனசு வராமல், வழக்கம்போல மண்ணில் செருகி வைத்திருந்தார்.

இரண்டு குச்சி பிழைத்தது. அந்த ரகத்துக்கு அங்கிள் வைத்த உறவுமுறை 'சம்பந்தியம்மா'. அது வளர்ந்து பூத்த பிறகு, ஒரு சாயங்காலம் வேலிக்கு மேலே தலை எழும்பியது.

"தம்பி, இன்னிக்கு உங்க ஆன்ட்டி ரசஞ்சோறு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னா."

சொல்லிவிட்டு மறுபடி தொட்டிப் பக்கம் குனிந்துகொண்டார்.

இப்போதும் நான் களைத்துப்போய்த்தான் வீடு திரும்புகிறேன். வேலிக்கு மேலே அந்தத் தலை எழும்புகிறவரை காரை விட்டு இறங்க மனம் வருவதில்லை.