யல்லா என்றால் ஆக்‌ஷன்

“…அந்தப் பொண்ணு ஃபோன்ல ‘ம்’ங்கிறதத் தவிர ஒண்ணும் பேச மாட்டேங்குது. இந்தக் கோட்டுல பாத்தாவது நாலு வார்த்தை பேசுதான்னு பாக்கணும். அழுக்குப் பட்டுச்சு, உன்ன உரிச்சிருவேன்” என்று சொல்லித்தான் தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்தார் முருகேசண்ணன். தோஹா தொழிற்பேட்டை கேம்ப்பில் என் மேல்கட்டில்காரர். அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போய்த் தாலி கட்ட வேண்டியவர்.

எனக்கு அப்போது ஊமைப்படப் பைத்தியம். கேம்ப்பில் ஆளுக்கொரு பாஷை. பேசாத படம் எடுத்தால் அத்தனை பேரும் சிரிப்பார்களே! நடிப்பு, இயக்கம் இரண்டும் நானே. (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.) ஒட்டுமீசை கிடைத்தது. கோட்டு வைத்திருந்த ஒரே ஆள் அண்ணன்தான்.

ஃபோனில் படம்பிடித்தவர் நேபாள நண்பர் தாப்பா. “பாய், யல்லான்னா ஷுரு, கலாஸ்னா பந்த்” என்று சொல்லிவைத்தேன். (முதலாவது ‘ஆரம்பி’, அடுத்தது ‘முடிஞ்சுது, நிறுத்து’. வளைகுடாவில் இந்த இரண்டு வார்த்தையும் புரியாத ஆளே கிடையாது. வினையே அதுதான்.)

காட்சி இதுதான்: கோட்டுப் போட்ட பெரிய மனுஷன் விறைப்பாக நடந்துவந்து, தண்ணீர் லாரியின் ஹோஸில் இடறி விழ வேண்டும். மாடித் தொட்டியில் நிற்கும் ஆள் குரல் கொடுக்கட்டும் என்று லாரி டிரைவர் வால்வில் கைவைத்துக் காத்திருந்தது எனக்குத் தெரியாது.

“யல்லா!” என்றேன்.

டிரைவர் திறந்துவிட்டார். ஹோஸ் துள்ளி எழுந்து என்னைப் புரட்டி எடுத்தது. “கலாஸ்! கலாஸ்!” என்று அலறினேன். பம்ப் இரைச்சலில் டிரைவருக்குக் கேட்கவில்லை. தாப்பாவுக்குக் கேட்டது. சொன்ன சொல் தட்டாமல் ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அதோடு விட்டேனா? அண்ணன் டியூட்டி முடிந்து வருவதற்குள் சேறு போகட்டும் என்று கோட்டைச் சுடுதண்ணீரில் அலசி டிரையரில் போட்டேன். வெளியே வந்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கோட்டு.

என் திரைவாழ்க்கை அன்றோடு கலாஸ். இப்போது அண்ணன் குடும்பத்தோடு இங்கேயே இருக்கிறார். நான் போனால் அவர் மகள், “டாடி, யல்லா அங்கிள் இஸ் ஹியர்!” என்றுதான் கதவைத் திறப்பாள். அண்ணி தண்ணீர் டம்ளரோடு நாலடி தள்ளி நின்று, “தம்பி, கோட்டு கீட்டு எதும் போடலையே?” என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.

அன்று கோட்டைப் பார்த்த அண்ணன் அதை வாங்கி உதறினார். மாட்டிப் பார்த்தார். கை முழங்கையோடு நின்றுவிட்டது. பொத்தான் போடவே வழியில்லை. சுற்றுமுற்றும் எதையோ தேடினார். உரிக்கத்தான் என்று நான் கட்டிலுக்கடியில் புகுந்தேன். அவர் என் ஒட்டுமீசையை எடுத்து ஒட்டிக்கொண்டார். ஊரிலிருந்த அந்தப் பொண்ணுக்கு வீடியோ கால் போட்டு, ஃபோனைத் தலையணையில் சாய்த்துவைத்தார். “யல்லா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விறைப்பாக நடந்துவந்து, தரையில் கிடந்த என் செருப்பில் வேண்டுமென்றே இடறி விழுந்தார்.