முதல் பக்கத்துக்கு எண் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தான், உன் மருமகள் மூவரும் நலம்; கம்ப்யூட்டர் மட்டும் இப்போதுதான் தேறி வருகிறது. அங்கே நீயும் உன் மனைவியும் புதுவீடும் சௌக்கியம் என்று நம்புகிறேன். சமையலறையைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் பணம் கட்டினால் சொந்தக்காரர்கள் சிலரும் சேர்ந்து பயன்படுத்தலாம் என்ற அந்த ஆபீஸ் மென்பொருளில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தாய் அல்லவா? போன மாதம் அதைத் திறந்தால், 'இந்தத் திட்டத்திலிருந்து நீங்கள் நீக்கப்பட்டுள்ளீர்கள்' என்று திரையில் வருகிறது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன். நீக்கப்பட்டுத்தான் இருந்தேன். உன் புதுவீட்டைப் பார்க்க வந்தபோது, சமையலறை கொஞ்சம் இருட்டாக இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். இருட்டாக இருந்ததால்தான் சொன்னேன். அன்று திரும்பிய உன் முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு போன் கிடையாது. கோபம் என்றால் நேராகத் திட்டு, சண்டை போடு, நானும் நாலு வார்த்தை பேசுகிறேன், மனசு ஆறும். அதை விட்டுவிட்டு மெஷினை விட்டா சொல்லி அனுப்புவது? சரி, போகட்டும். நீ இடம் தராவிட்டால் என் வீட்டில் எழுத்து நின்றுபோகாது என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

உன் அத்தானிடம் சொன்னதும், "இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? நான் பாத்துக்கறேன்" என்று கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர், "இதுக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களா சார்? ஊருக்கே நான்தான் போட்டு விடறேன்" என்று ஒரு திருட்டுப் பிரதியை ஏற்றிக் கொடுத்துவிட்டார். அதில் எழுத ஆரம்பித்தால் போதும், வழுக்கையில் முடி வளர வைக்கும் எண்ணெய்க்கு விளம்பரம் வந்து பக்கத்தை மறைக்கிறது, மூடினால் இன்னொன்று வருகிறது, அதையும் மூடினால் முன்பு வந்தவன் தம்பியோடு வருகிறான். உன் அத்தான் தலையைத் தடவிக்கொண்டே, "இது என்னைப் பாத்துட்டுத்தான் வருதா?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. கடைசியில் உன் மருமகள்தான் வந்து எல்லாவற்றையும் சுத்தமாக அழித்தாள்.

"திருட்டும் வேணாம், காசும் வேணாம். சும்மாவே நல்லதா ஒண்ணு கெடைக்குதுப்பா. நாம என்ன பெரிய கம்பெனியா நடத்தறோம்? அம்மாவோட நாலு லெட்டர், என் புராஜெக்ட், உங்க கலர் கலர் அட்டவணை. அவ்வளவுதான?"

"சும்மா குடுக்கறவனுக்கு நம்மகிட்ட என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாம்பா. நெறைய பேர் சேந்து எழுதி, யார் வேணாலும் எடுத்துக்கங்கன்னு வச்சிருக்காங்க."

"அவங்க வீட்டுல எல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

இப்படியாக இலவச மென்பொருள் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வந்ததும் வராததுமாக உன் அத்தானின் அட்டவணையில் கை வைத்தது. பிஸ்கட் ஃபேக்டரியில் தரம் பார்க்கிறவர் இல்லையா, வீட்டையும் அட்டவணை போட்டுத்தான் நடத்துவார்: உடனே செய்ய வேண்டியது சிவப்பு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது மஞ்சள். எங்கள் வீட்டில் முக்கால்வாசி மஞ்சள்தான். புது மென்பொருளில் திறந்தால் மஞ்சள் எல்லாம் சிவப்பாகிக் கிடக்கிறது. "என் மஞ்சள் எங்க?" என்று கொஞ்ச நேரம் புலம்பினார். ஆனால் அட்டவணை சிவப்பு என்று சொன்ன பிறகு மனுஷனால் உட்கார முடியவில்லை. அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வருஷக்கணக்காகச் சொட்டிய குழாய் நின்றது, கிறீச்சிட்ட கதவு அடங்கியது, பரணில் இருந்த உடைந்த மின்விசிறி வெளியே போனது. மஞ்சளைத் திரும்பக் கொண்டுவரும் வழியை மகள் அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டாள். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது அவளுடைய புராஜெக்ட். பழைய மென்பொருளில் பாதி எழுதியிருந்த மனித உடல். புதியதில் படங்கள் அதது இஷ்டத்துக்கு நகர்ந்து, இதயம் வழுக்கிக்கொண்டே போய்ப் பாதப் பராமரிப்பு பற்றிய பின்னிணைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அது போதாதென்று, தலைப்புப் பக்கத்தில் எண் வரக்கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் பக்கத்தில் எண்ணை எடுத்தால் எல்லாப் பக்கத்திலும் போய்விடுகிறது. மற்றதில் போட்டால் முதல் பக்கத்திலும் முளைக்கிறது. ஒரு மத்தியானம் முழுக்க நான் உட்கார்ந்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். கற்றதும் எனக்கு முதலில் தோன்றியது, உன்னிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நான் நீக்கப்பட்டவள்.

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் யோசித்தேன். அத்தான் கடைக்குக் கிளம்பும்போதே, "பணம் கட்டி நாமளே வாங்கிடலாமே" என்றார். ஏன் வேண்டாம் என்றேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மென்பொருள் நீ யார் என்று என்னைக் கேட்கும், ரகசிய எண் உன் செல்லுக்கு வரும், நீ கூப்பிடுவாய். மூன்று எண் படித்துவிட்டு, "முட்டி வலி எப்படிக்கா இருக்கு?" என்பாய். நான் சொல்லி முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். இன்னொன்று வரவழைப்பாய். அது உன் மேலதிகாரி கதையில் போய்விடும். அடுத்தது நம் சித்தப்பாவின் வழக்கில். சிரித்துச் சிரித்து, எத்தனையாவது எண்ணோ ஒன்றில் கதவு திறக்கும். நானே பணம் கட்டி வாங்கினால் எண் என் செல்லுக்கே வரும். நானே எனக்குப் படித்துக் காட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்த இலவசம் தங்கமானது, குறை சொல்லமாட்டேன். எண் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. அதில் ஒரே சங்கடம், இனி நீ என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை.

ஆகவே தம்பி, என் இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. எனக்கு வருத்தமில்லை. மின்னஞ்சலில் அனுப்பினால் உன் பக்கம் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியுமோ என்று பயந்து, அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். உனக்கும் உன் மனைவிக்கும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லா அறையிலும் வெளிச்சம் நிறையட்டும். எந்த அறை என்று நான் குறிப்பிடவில்லை.

இப்படிக்கு,
நீக்கப்பட்ட உன் அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடித்து முடித்த கையோடு உன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. வீட்டுக்கு இலவசமே போதும்னு அந்தத் திட்டத்தையே நிறுத்திட்டாரு. கூடவே உங்க இடமும் போயிடுச்சா, 'அக்கா என்னைக் கஞ்சன்னு நெனச்சுக்குவா'ன்னு போனை எடுக்கறதும் வைக்கறதுமா இருக்காரு" என்றாள். சமையலறை பற்றி மெதுவாகக் கேட்டேன். "அந்த வாரமே பெரிய விளக்கா மாட்டிட்டோமே!" என்றாள். அப்புறம்தான் கூப்பிட்ட காரியம் வெளியே வந்தது: குடியிருப்போர் சங்கத்து அறிக்கையில் முதல் பக்கத்தில் மட்டும் எண் வராமல் செய்யத் தெரியாமல் நீ கம்ப்யூட்டரோடு முட்டிக்கொண்டிருக்கிறாயாமே. சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

கடிதத்தை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். மனசு வரவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார். இரண்டு, மூன்று என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. இப்போது முதல் பக்கத்துக்குப் போ. எண் இல்லை. எப்படி என்று தெரிய வேண்டுமானால் கூப்பிடு. ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். பாதி சொல்லிவிட்டு உன் மேலதிகாரி எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். அதற்குள் உனக்கு முதல் பாதி மறந்துபோகும்.