சொல்லாமல் விட்ட மூன்றாவது குட்டான்

சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மை பேசுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. பிழைத்துவிட்டால் அந்த உண்மையோடு ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டுமே!

அறுபதுகளில் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் எனக்கு வயல் இருந்தது. உடம்பு இரண்டு மூட்டை நெல் எடை. (மனைவி பூமணியின் மதிப்பில் இரண்டரை.) போதாததற்குச் சலரோகம். தேத்தண்ணிக்குச் சீனி போடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் போடவே இல்லை. பதநீர் காய்ச்சிச் செய்த பனங்கட்டியைத்தான் கடித்துக்கொண்டேன். பூமணி அதையும் கண்டுபிடித்துத் தடுத்தாள். அதன் பிறகு பனங்கட்டி நிறைந்த குட்டான்களை, அந்தச் சின்ன ஓலைப்பெட்டிகளை, வீட்டில் அங்கங்கே ஒளித்து வைத்தேன்.

அன்று புது அரிசிப் பொங்கல். மூக்குமுட்டத் தின்றுவிட்டு, நீட்டி நிமிர்ந்து படுத்தேன். சற்று நேரத்தில் நெஞ்சுக்குள் நெருப்பு! தொண்டைவரை புளித்த நீர். மூச்சு முட்டியது. போன மாதந்தான் பக்கத்து வயல்காரர் இப்படி நெஞ்சைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கும் அதுதான் என்று கத்தினேன்.

நெல் வாங்க வந்திருந்த வியாபாரி காதர், மூட்டை ஏற்றும் பலகையால் நாலு பேரைக் கொண்டு என்னைத் தன் லொறியில் ஏற்றினார்.

"நெஞ்சு வருத்தக்காரரை எழும்பி இருக்க விடாதையுங்கோ. நீட்டிப் படுக்க வையுங்கோ!" என்றார் அவர்.

எழுந்தால் வலி குறைந்தது. படுத்தால் மறுபடியும் எரிந்தது. நான் எழும்ப எழும்ப, நாலு பேரும் அமத்திப் பிடித்தார்கள்.

"எழும்ப விடுங்கோடா, சாகப்போறன்!"

"சாகாமல் இருக்கத்தான் அண்ணை பிடிக்கிறம்!"

பூமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னைத் தனிய விட்டிட்டுப் போயிடாதையுங்கோ!"

என் மனம் கரைந்துவிட்டது. இவளை ஏமாற்றிவிட்டுச் சாவதா?

"பூமணி, விதைநெல்லு மூட்டைக்குள்ளை ஒரு குட்டான் பனங்கட்டி இருக்கு."

அழுகை நின்றது. "என்ன?"

"சாமிப்படத்துக்குப் பின்னாலை இன்னொண்டு."

கையை விட்டுவிட்டாள். "பிறகு?"

"மூண்டாவது..."

லொறி பள்ளத்தில் விழுந்தது. தூக்கிப் போட்டதில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வந்தது ஓர் ஏப்பம். ரயர் வெடித்துவிட்டதென்று காதர் லொறியை நிறுத்தினார். நெஞ்சு லேசானது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சைச் சோதித்தார். "இருதயத்திலை பழுதில்லை. வயித்துப் புளிப்பு மேலை ஏறுது. வயித்து வண்டி பெருத்தால் அது புளிப்பை மேலை அமத்தித் தள்ளும். சலரோகக்காரருக்குச் சாப்பாடு செமிக்கவும் நேரம் சுணங்கும். சாப்பிட்டவுடனை படுக்காதையுங்கோ. கட்டில் தலைமாட்டுக்குக் கல்லு வைச்சு உயர்த்துங்கோ."

"பனங்கட்டியும் தின்னுறவர், ஐயா," என்றாள் பூமணி.

கட்டில் உயர்ந்தது. விடியும்போது சறுக்கிப்போய்க் கால்மாட்டில் சுருண்டு கிடப்பேன். இன்றும் நான் ஏப்பம் விட்டால் யாரும் சுகம் விசாரிப்பதில்லை. பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள்: "மூண்டாவது எங்கை?"

அது பூமணி பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த கல்யாணக் கூறைச்சேலைக்கு அடியில் இருந்தது. அன்று லொறியில் அதைச் சொல்லியிருந்தால், இருதயத்தில் ஒரு பழுதும் இல்லாமலே செத்திருப்பேன்.