அல்போன்சோ சித்தப்பா விழுந்தால்

"ஓட்டலில் தீப்பிடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், திரு. யோவினே?"

மொய்ரா மிஸ் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. ஆங்கில வகுப்பில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார்கள். வாசலுக்கு அல்ல, சன்னலுக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தில் மேசையும் நாற்காலியும் பிளாஸ்டிக். அமங்கலப் பேச்சு காதில் விழுந்தால் உடனே இரும்பைத் தொட வேண்டும் என்பது அந்த ஊர் நம்பிக்கை; தொட்டுக்கொள்ள இரும்பு என்று இருந்தது அந்த ஒரே சன்னல் கம்பிதான்.

முதலில் போய்க் கம்பியைப் பிடித்தவர் சபாத்தீனோ யோவினே. ஐம்பத்திரண்டு வயது, செழிப்பான தொந்தி, ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"நான் தீப்பிடிக்கும்னு சொல்லலையே. 'தீப்பிடிச்சா'ன்னுதானே சொன்னேன்?" என்றாள் மொய்ரா. ஸ்காட்லாந்திலிருந்து இத்தாலியின் சாலெர்னோவுக்கு அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"மிஸ், தீப்பிடிக்கிறதுக்கு அதுவே போதும்" என்றான் பார்மேன் ஜெரார்தோ, முண்டியடித்துக் கம்பியில் ஒரு விரலாவது பட வேண்டும் என்ற தவிப்போடு. "வாய்ல வர்றதுதான் முதல் பொறி. ஊதாதீங்க."

விளையாட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை இவர்கள். இவர்கள் வேலை பார்த்த சிரேனா ஓட்டலை வடக்கத்திக் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. பெர்கமோவிலிருந்து வந்த புது மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். லண்டனிலிருந்து ஒருவர் வருவார், ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். தேறியவர்கள் இருந்த இடத்தில் இருக்கலாம். தேறாதவர்கள் கீழே சலவை அறைக்குப் போக வேண்டும். சபாத்தீனோவின் மேசைக்கு எதிரே கடல். சலவை அறைக்கு எதிரே இன்னொரு சலவை அறை. 

ஆங்கிலம் அவருக்கு ஓரளவு வரும். நல்வரவு, சாவி, காலை உணவு, கடற்கரை எல்லாம் சரளம். இந்த 'இஃப்' வாக்கியம்தான் ஏழரை. சொந்த மொழியிலேயே அதில் தடுக்கி விழுந்து பெண்டாட்டியிடம் திருத்தம் வாங்குகிற ஜனம். ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம், வாக்கியத்தின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 'வுட்' போட்டுவிடுவார்கள்.

"'இஃப்' இருக்கிற வீட்டுக்குள்ள 'வுட்' வரக் கூடாது. அதுக்குப் பக்கத்து வீடு" என்று மொய்ரா தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள்.

"புரிஞ்சிடுச்சு மிஸ். எங்க அக்காவும் எங்க மாமியாரும் மாதிரி" என்றார் சபாத்தீனோ.

புரிந்துவிட்டதுதான். ஆனால் ஓட்டல்காரனிடம் கேட்கிற 'இஃப்' எல்லாம் அமங்கலம். தீப்பிடித்தால், விருந்தாளி வழுக்கி விழுந்தால், லிப்ட் நின்றால், சிப்பி சாப்பிட்டு வயிற்றைக் கலக்கினால். சாலெர்னோவில் பிறந்தவன் எவன் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வான்?

மொய்ரா ஒரு வழி சொன்னாள். "ஆளுக்கொரு இரும்பு கொண்டு வாங்க. பையிலே கை விட்டுத் தொட்டுக்கிட்டே பேசுங்க."

மறுநாள் சபாத்தீனோ குழாய் ரிப்பேர் ஸ்பேனரைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தீ பெரியது, இரும்பும் பெரியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எழுந்து நின்று, "ஓட்டலில் தீப்பிடித்தால்" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். ஸ்பேனரின் கனம் தாங்காமல் கால்சட்டை 'வுட்' வருவதற்குள் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

"பரீட்சைல இது வேணாம்ணே" என்றான் ஜெரார்தோ.

"வாய மூடுடா."

மொய்ரா திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தபடி இன்னொரு வழி சொன்னாள். தெரிந்த மனிதர்களை வைத்து வாக்கியம் அமையுங்கள், வீட்டில் நடித்துப் பாருங்கள், மனத்தில் நிற்கும், பயமும் போய்விடும்.

சபாத்தீனோவுக்கு எந்தத் தெரிந்த மனிதர் முதலில் நினைவுக்கு வந்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை, மாமியார்தான். அன்று மாலை சமையலறையில், "மஃபால்தா படியிலிருந்து விழுந்தால் நான் மருத்துவரை அழைப்பேன்" என்று உரக்கச் சொல்லி, விழுந்தும் காட்டினார். மருத்துவரை அழைத்தும் காட்டினார். விழுகிற கட்டம் பிடித்துப்போனதால் அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எர்சிலியாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மாவின் பெயர் தெரியும். புருஷன் விழுகிற விதமும் தெரியும்.

"எங்கம்மா பேர எதுக்கு இழுக்குற?"

"படிப்புடி."

"எங்கம்மா விழறதுதான் உனக்குப் படிப்பா?"

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. மஃபால்தா பால்கனியைக் கழுவிவிடும்போது வழுக்கி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டாள்.

 அன்று மதியம் எர்சிலியா சபாத்தீனோவுக்கு வைத்த பாஸ்தாவில் தக்காளி இல்லை, பாலாடைக்கட்டி இல்லை, உப்புகூட இல்லை. சாயந்தரம் மஃபால்தா பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தாள், கால் சரியாகும் வரை. சபாத்தீனோவின் படுக்கை சோபாவுக்குப் போனது.

மாமியாரை விட்டார். ஜெரார்தோவைப் பிடித்தார். வயசுப் பையன், தாங்குவான் என்று நினைத்தார். "ஜெரார்தோவின் ஸ்கூட்டர் திருடுபோனால் அவன் காவல் நிலையத்துக்குப் போவான்" என்று வகுப்பில் பிழையில்லாமல் சொல்லி மொய்ராவிடம் கைத்தட்டல் வாங்கினார். ஜெரார்தோ காவல் நிலையத்துக்குப் போக இரண்டு நாள்தான் ஆயிற்று.

"பத்து வருஷமா அதே மூலைல நிறுத்துறேன். யாரும் தொட்டதில்ல" என்று வந்து கத்தினான் ஜெரார்தோ. "உன் வாயி பட்டுச்சு, போச்சு!"

"டேய், பெட்ரோல் இல்லாத வண்டிய எவன்டா திருடுவான்னு நீதானே சொல்லுவ?"

"நீ சொன்னா பெட்ரோலும் சேர்த்துக் கொண்டாந்து திருடுறானுங்க!"

அதோடு பிடித்தது சனி. ஓட்டலில் அவர் வந்தால் பரிசாரகர்கள் இரும்பைத் தொடப் பையில் கை விட்டார்கள். அறை துடைக்கிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, பீடை ஒட்டாமல் இருக்கக் கொம்பு காட்டினார்கள். அவரோடு யாரும் லிப்டில் ஏறுவதில்லை. இருபது வருஷமாகத் தோளில் கை போட்டுக் காபி குடித்த சமையல்காரர், காபியை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றார். சபாத்தீனோவுக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

பெர்கமோக்கார மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். "உங்களைப் பார்த்தா எல்லாரும் ஏன் பைக்குள்ள கை விடுறாங்க? நம்ம ஓட்டல்ல பிக்பாக்கெட்டுன்னு விருந்தாளிங்க நினைக்கிறாங்க. பரீட்சைல நீங்க தேறலன்னா எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான், யோவினே."

அன்று வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தவர், முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எதிரே முக்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த மஃபால்தா எட்டிப் பார்த்தாள்.

"மாப்ள, அழுவுறீங்களா?"

"இல்ல அத்தை, கண்ணு எரியுது."

"எனக்குக் காலு எரியுது. அது கிடக்கட்டும். உயிரோட இருக்குற ஆளுங்களா பார்த்து ஏன் தேடித் தேடி விழ வைக்கிறீங்க? செத்தவன் ஒருத்தன் பேரச் சொல்லித் தொலைங்க. செத்தவனுக்கு இனிமே என்ன வந்துடப் போவுது?"

சபாத்தீனோ எழுந்து உட்கார்ந்தார்.

"உங்க சித்தப்பா ஒருத்தர், சுரங்க வேலைக்குப் பெல்ஜியம் போன இடத்துல போய்ச் சேர்ந்துட்டாருன்னு சொல்லுவாங்களே" என்றாள் மஃபால்தா. "பேரு என்ன, அல்போன்சோ. பெண்டாட்டி புள்ள கிடையாது. சண்டைக்கு வர யாரு இருக்கா?"

சபாத்தீனோ மாமியாரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கல்யாணத்தன்றுகூட ஒரு கன்னத்தோடு நிறுத்திக்கொண்டவர்.

அன்றிலிருந்து அவர் பேச்சு மழைத் தண்ணீர் மாதிரி ஓடியது. அல்போன்சோ சித்தப்பா படியிலிருந்து விழுந்தார், குளியல் தொட்டியில் வழுக்கினார், லிப்டில் மாட்டிக்கொண்டார். அடுப்பில் தீப்பிடித்து அவர் புருவம் கருகியது. ஒவ்வொரு தடவையும் சபாத்தீனோ மருத்துவரை, மெக்கானிக்கை, தீயணைப்பு நிலையத்தைச் சரியான 'வுட்' போட்டு அழைத்தார். ஊரில் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சமையல்காரர் இரண்டடி நெருங்கி வந்தார்.

வகுப்பே அல்போன்சோவைக் கடன் கேட்டது.

"அண்ணே, உங்க சித்தப்பாவுக்கு இன்னிக்கு நான் கெட்டுப்போன சிப்பி குடுத்துக்கவா?" என்றான் ஜெரார்தோ. சண்டை எல்லாம் மறந்துபோயிருந்தது.

"குடுடா. நல்லாக் குடு. மனுஷன் இருந்தப்ப யாருக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல, இப்பவாவது செய்யட்டும்."

மொய்ராவுக்கு யார் அந்த அல்போன்சோ என்று தெரியாது. ஆனால் வகுப்பு முழுக்கப் பிழையில்லாமல் பேசுவதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது. சபாத்தீனோவும் நன்றி மறக்கிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சித்தப்பாவின் ஆத்மாவுக்காகப் பெரிய மெழுகுவத்தியாக ஏற்றினார்.

பரீட்சை நாள் வந்தது. லண்டன்காரர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். சிரிக்கிற வழக்கம் இல்லாத முகம்.

"உங்கள் விருந்தாளி ஒருவர் மாடிப்படியில் விழுந்தால் என்ன செய்வீர்கள்?"

"அல்போன்சோ சித்தப்பா மாடிப்படியில் விழுந்தால், நான் உடனே மருத்துவரை அழைப்பேன் ஐயா."

"நான் விருந்தாளியைப் பற்றிக் கேட்டேன்."

"அவர்தான் விருந்தாளி ஐயா."

லண்டன்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரி. அவருடைய அறையில் தீப்பிடித்தால்?"

"தீப்பிடித்தால், ஈரத் துணி போர்த்தி அவரை வெளியே கொண்டுவருவேன்."

"வரும் வழியில் லிப்ட் நின்றுவிட்டால்?"

"தீயின்போது அவரை லிப்டில் ஏற்ற மாட்டேன் ஐயா. வேறொரு நாளில் ஏற்றுவேன்."

லண்டன்காரரின் மீசை ஆடியது. "கடைசிக் கேள்வி. இந்தத் திரு. அல்போன்சோ உங்கள் ஓட்டலுக்கு வராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வகை. வகுப்பில் ஒருவரும் இதை முழுசாகத் தாண்டியதில்லை. சபாத்தீனோ மூச்சை இழுத்துக்கொண்டார். "இஃப்" இருந்த வீட்டில் "வுட்"டை விடவில்லை. காலத்தைப் பின்னால் தள்ள வேண்டிய இடத்தில் தள்ளினார்.

"வராமல் இருந்திருந்தால், ஐயா, அவர் மிகவும் நலமாக இருந்திருப்பார்."

லண்டன்காரர் சிரித்தே விட்டார். எழுந்து கை கொடுத்தார்.

சாயந்தரம் சிரேனா ஓட்டலே திருவிழாவாக இருந்தது. வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் தேறியிருந்தார்கள். மேனேஜர் வந்து, விருப்பமில்லாத கையால் என்றாலும், சபாத்தீனோவின் சட்டையில் புதுப் பெயர்ப்பட்டையைக் குத்தினார். சமையல்காரர் தோளில் கை போட்டார். ஜெரார்தோ குப்பியைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றி, "அல்போன்சோ சித்தப்பாவுக்கு!" என்று கோப்பையைத் தூக்கினான்.

சபாத்தீனோ தன் மேசைக்குப் போய் நின்றார். எதிரே கடல், அதே கடல்தான். இனி ஓய்வு பெறும் வரை அது அவருடையது. சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்தது, கண் எரிகிறது என்று சொல்ல இப்போது அவசியமும் இல்லை.

கதவு திறந்தது. வாடகைக் காரோட்டி பெட்டியை வைத்துவிட்டுப் போக, எண்பது தாண்டிய முதியவர் ஒருவர் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மெதுவாக மேசையருகே வந்தார். ஒரு கையில் மாவுக்கட்டு. நெற்றியில் பிளாஸ்திரி. இடது புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

புதுத் தகுதியின் மிடுக்கோடு சபாத்தீனோ ஆங்கிலத்தில் வரவேற்றார்.

"இங்கிலீஷ் எல்லாம் எனக்கு எதுக்குப்பா? நானும் இந்த ஊருதான்" என்றார் முதியவர், பழைய சாலெர்னோப் பேச்சில். "போயி அறுபது வருஷமாச்சு. நல்லாத்தான் இருந்தேன். என்னவோ இந்த ஒரு மாசமா நேரம் சரியில்ல, கண்ண மூடறதுக்குள்ள சொந்த ஊரப் பார்த்துடலாம்னு கிளம்பிட்டேன்."

"நல்லது பண்ணீங்க ஐயா. இனிமே ஒரு கவலையும் இல்ல, நாங்க பார்த்துக்குறோம்" என்றார் சபாத்தீனோ, பேனாவை எடுத்துக்கொண்டு. "உங்க பேரு?"

முதியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார்.

"யோவினே, அல்போன்சோ யோவினே, கீழேயே ஒரு ரூமு குடு தம்பி, படிக்கட்டு, லிப்ட், குளிக்கிற தொட்டி, அடுப்புன்னு ஒண்ணு பாக்கியில்லாம என்னைப் பதம் பார்த்துடுச்சு, ராத்திரி ரயில்ல எவனோ குடுத்த சிப்பி வேற!"